கம்பெனி கேட்டில் காதுகுத்து

அமெரிக்காவில் ஏதோ ஒரு பேங்க் முழுகிப் போச்சாம். அதற்கும் தளி ரோட்டோரத்தில் இருக்கும் தன் அடுப்படிக்கும் என்ன சம்பந்தம் என்று சம்பங்கிக்கு முதலில் விளங்கவில்லை. போகப் போகத்தான் விளங்கியது. பேங்க் முழுகியதும் லாரி வாங்குகிறவர்கள் வாங்குவதை நிறுத்தினார்கள். லாரி விற்காததால், லாரிக்கு இரும்புத் தகட்டை அழுத்தி வளைத்துக் கொடுக்கும் ஓசூர் கம்பெனியில் பிரஸ்கள் நின்றன. பிரஸ் நின்றதால், பிரஸ் ஓட்டும் ஆஞ்சப்பன் வெயில் ஏறும்போதே வீட்டுக்குத் திரும்பி வந்தான். வந்தவன் சும்மாவாவது உட்கார்ந்தானா என்றால் அதுவும் இல்லை.

கம்பெனியில் பத்து வருஷமாகச் சொல்லிக்கொடுத்த ஒழுங்கையெல்லாம் வீட்டில் காட்ட ஆரம்பித்தான். மிளகாய் டப்பா, மல்லி டப்பா, கடுகு டப்பா எல்லாவற்றுக்கும் பேர் எழுதி ஒட்டினான். முப்பது அடி தள்ளி நின்றாலும் வாசனையிலேயே எது எந்த டப்பா என்று சொல்லக்கூடியவள் சம்பங்கி. அவளுக்கு எதற்கு எழுத்து? துடைப்பம் நிற்க ஒரு கட்டம், செருப்பு விட ஒரு கட்டம். ஒருநாள் அவரைக்காய் பறிக்கும் கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து பார்த்தால், அம்மிக்கல்லைச் சுற்றி மஞ்சள் பெயின்ட்டில் கோடு.

"அம்மி எங்கங்க ஓடப்போவுது? அதுக்கு எதுக்குக் கோடு?"

"எந்தப் பொருளுக்கும் ஒரு எடம் இருக்கணும். அந்த எடத்துல அது இருக்கணும். ஜப்பான்காரன் சொன்னது."

"அந்த ஜப்பான்காரனுக்கு லாரி கீரி வேணுமான்னு கேளுங்க. வேணும்னா ஒங்களக் கூப்புடட்டும். எனக்கும் நிம்மதியா இருக்கும்."

பள்ளிக்கூடம் விட்டு வந்திருந்த மகள் கவிப்ரியா சிரித்துப் புரண்டாள். ஆஞ்சப்பனும் சிரித்தான். அவனிடம் ஒரு நல்ல குணம், தன்னைக் கிண்டல் செய்தால் தானும் சேர்ந்து சிரிப்பான். ஆனால் சிரித்து முடித்ததும் பெயின்ட் டப்பாவை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போனான்.

வேலை போய்விட்டது என்று சொல்ல முடியாது. இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. அதற்கு லே-ஆஃப் என்று பேர். பேர் பதிவேட்டில் இருக்கும், பிரஸ் ஓடாது, பாதிச் சம்பளம் வரும். அந்தப் பாதிக்கும் ஒரு சட்டம் உண்டு. ஞாயிறு தவிர தினமும் காலை எட்டு மணிக்கு யூனிஃபாரம் போட்டு, அடையாள அட்டை மாட்டிக்கொண்டு, கேட்டில் போய் நின்று கையெழுத்துப் போட வேண்டும். போட்டபின் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேலை வந்தால் உள்ளே கூப்பிடுவார்கள். வராவிட்டால் பத்து மணிக்கு வீட்டுக்குப் போகலாம், பாதிக் கூலி உண்டு. கேட்டுக்கே போகவில்லை என்றால் அந்தப் பாதியும் இல்லை. வேலை செய்கிறவனுக்கு லீவு உண்டு, வேலை செய்யாத இந்த வேலைக்கு லீவே கிடையாது. லே-ஆஃப் ஆனதிலிருந்து கம்பெனி பஸ்ஸும் வருவதில்லை. தளியிலிருந்து வரும் டவுன் பஸ்ஸில் கோஸ் மூட்டைக்கும் பூக்கூடைக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு போய் வந்தான் ஆஞ்சப்பன்.

இந்த நிலையில்தான் நாகரசம்பட்டியிலிருந்து தங்கச்சி வெங்கடம்மாவின் போன் வந்தது. வெங்கடம்மா போனில் பேசினால் போனே தேவையில்லை. அடுப்படியில் களி கிண்டிக்கொண்டிருந்த சம்பங்கிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

"ண்ணா, நம்ம தமிழரசனுக்குக் காது குத்த நாள் குறிச்சாச்சு. வர்ற வியாழக்கெழம. ஏழரையிலிருந்து ஒம்பதுக்குள்ள. நீயும் அண்ணியும் மொத நாளே வந்துருங்க."

"வியாழக்கெழமயா? ஞாயித்துக்கெழம வெக்கக் கூடாதா?"

"நல்ல நேரம் ஒன் வார லீவப் பாத்தா வரும்? பதினொண்ணாம் மாசம் நடக்குதுண்ணா அவனுக்கு. இத வுட்டா மூணு வயசுலதான் குத்தணும். அது வரைக்கும் காதுல பொட்டுத் தங்கம் இல்லாம அலையட்டுமா?"

ஆஞ்சப்பன் போனைக் காது மாற்றிக்கொண்டான். மரியாதையாக உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாயில் வந்தது வேறு.

"கம்பெனில ஓ.டி. ஜாஸ்தி புள்ள. ஒரு நாள்கூட லீவு குடுக்க மாட்டேங்கறாங்க."

அந்தப் பக்கத்திலிருந்து வந்தது பாருங்கள்.

"ஓ.டி.யா? அத்தன சம்பாரிச்சு எங்க கொண்டுபோய் வெக்கப்போற? எனக்குக் கூடப்பொறந்தது நீ ஒருத்தன். எம் புள்ளைக்கு மாமன் மடின்னா ஒம் மடிதான். சரி, நீ ஓ.டி. பாருண்ணா. நல்லாப் பாரு. மணப்பலகை ஒண்ணு கெடக்குது ஊட்ல, அதும் மேல ஒக்கார வெச்சுக் குத்திக்கறன். மாமன் எங்கன்னு ஊர்ல கேட்டா பலகையக் காட்டறன்."

போன் வைக்கப்பட்டது. சம்பங்கி களிக்கோலோடு வந்து வாசலில் நின்றாள்.

"எதுக்குங்க பொய் சொன்னீங்க?"

"பின்ன என்ன சொல்றது? ஒங்கண்ணன் தெனமும் சட்டய மாட்டிட்டுப் போய்க் கேட்டுல குந்திட்டு வர்றான்னு சொல்லவா? கல்யாணத்தப்ப அவ மாமியாருக்கிட்ட, எங்கண்ணன் பர்மனென்ட்டு பர்மனென்ட்டுன்னு ஆயிரம் தடவ சொல்லிருக்கா."

"ஒரு நாள் போவலன்னா என்ன? அரக் கூலிதான போவும்? போனாப் போவுது."

"கூலி போனாப் பரவால்ல. ஆளக் கொறைக்கப் போறாங்கன்னு ஒரு பேச்சு இருக்குது. கூப்புடற அன்னிக்கு எவன் இல்லியோ, அவன் பேரத்தான் மொதல்ல அடிப்பாங்க. மூணு வாரமாப் போயி நின்னுட்டு, நாலாவது வாரம் நான் இல்லாத அன்னிக்குக் கூப்ட்டாங்கன்னா?"

இதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை. சம்பங்கிக்குப் பாவமாக இருந்தது. தங்கச்சி வேண்டும், வேலையும் வேண்டும் இந்த மனுஷனுக்கு. இரண்டுக்கும் நடுவே நாகரசம்பட்டி பஸ் ஓடுகிறது, எட்டு மணிக்குக் கேட்டில் நின்றவனை ஒன்பதுக்குள் அங்கே கொண்டுபோய்ச் சேர்க்க எந்த டிரைவராலும் முடியாது.

மறுநாள் அவரைக்காய் பறித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு ஒரு யோசனை வந்தது. தை மாதப் பனியில் நனைந்த அவரைக்குத் தனி வாசம், பறிக்கும் கையில் எண்ணெய் மாதிரி ஏறிக்கொள்ளும். அந்தக் கையோடு வீட்டுக்கு வந்தவள், அப்போதுதான் திரும்பியிருந்த புருஷனிடம் கேட்டாள்.

"அந்த ரெண்டு மணி நேரம் என்ன பண்றீங்க?"

"என்ன பண்றது? கேட்டுக்கு எதுத்தாப்ல ஒரு புங்கமரம் இருக்குது. அதுக்கடியில குந்தியிருப்போம். பசங்க ஆடுபுலி ஆடுவானுங்க. வெங்கடப்பண்ணன் தூங்குவாரு."

"கூப்ட்டா ஓடிப் போற தூரந்தான?"

"ரோட்டத் தாண்டுனா கேட்டு."

"அப்ப ஒங்க மடி அங்க சும்மாதான் இருக்குது."

ஆஞ்சப்பனுக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டாள்.

"வெங்கடம்மா, நான் அண்ணி பேசறன். கத்தாம கேளு. ஒங்கண்ணனுக்கு ஓ.டி.யும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. கம்பெனில லே-ஆஃப். பாதிச் சம்பளம். அதுக்கும் தெனம் எட்டு மணிக்குப் போயி நிக்கணும். ஒங்கிட்டச் சொல்ல வெக்கப்பட்டுட்டுப் பொய் சொல்லிட்டாரு."

வெங்கடம்மா கத்தவில்லை. அதுதான் சம்பங்கிக்குப் பயமாக இருந்தது. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"எங்கண்ணனா? எத்தன நாளா அண்ணி?"

"மார்கழியிலேர்ந்து."

"பொங்கலுக்கு எனக்குப் பொடவ எடுத்துக் குடுத்துச்சே!"

"அதெல்லாம் கொறையாது. தீவாளி போனஸ்ல மருமகனுக்குத் தோடு வாங்கி அப்பவே பொட்டியில வெச்சாச்சு. மடிதான் வர முடியல. அதான் ஒண்ணு கேக்கறன். மடி வர முடியலன்னா காது வரட்டுமே?"

"என்ன அண்ணி சொல்றீங்க?"

"கம்பெனி கேட்டுக்கு எதுத்தாப்ல புங்கமரம் இருக்குதாம். புள்ளயத் தூக்கிட்டு எல்லாரும் அங்க வந்துருங்க. எட்டு மணிக்குக் கையெழுத்துப் போட்டா பத்து மணி வரைக்கும் ஒங்கண்ணன் சும்மாதான் குந்தியிருப்பாரு. ஒம்பதுக்குள்ள குத்திடலாம்."

"ஐயோ, ரோட்லயா? எங்க மாமியா என்ன சொல்வாங்க?"

"மொட்ட அடிக்கத்தான் சாமி வேணும். அத மூணாம் மாசமே ஒங்க கொலசாமி கோயில்ல அடிச்சாச்சு. காது குத்த மாமன் மடி போதும். மடி எங்க இருக்குதோ அங்கதான் மொகூர்த்தம். மாமியாருக்கிட்ட அப்படியே சொல்லு."

அதற்குள் போனை வெங்கடம்மாவின் புருஷன் மதுரைவீரன் வாங்கிவிட்டான். மாங்காய் ஏற்றும் டெம்போ வைத்திருப்பவன், மாங்காய் இல்லாத மாசத்தில் அவனும் சும்மாதான் இருந்தான்.

"தங்கச்சி, நல்ல ரோசன. நம்ம டெம்போ தூங்குது. ஆசாரியத் தூக்கிப் போட்டுட்டு வெடிகாலைலயே கெளம்பிடறன். சாப்பாட்டுக்கு மட்டும் என்ன பண்றது?"

"அது எம் பொறுப்புண்ணா."

சொல்லிவிட்டாளே தவிர, புதன்கிழமை சாயங்காலம் புருஷனிடம் விஷயத்தை அவிழ்த்தபோது வீடு ரெண்டுபட்டது.

"மானம் போச்சு! அவகிட்டச் சொல்லிட்டியா? மச்சான்கிட்டயும் சொல்லிட்டியா? கேட்டு முன்னாடி காது குத்தினா, கையெழுத்து வாங்கற டைம் ஆபீஸ் தங்கதுரை சார் என்ன சொல்வாரு? நாளைக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுட்டு…"

"சாக்கு, சும்னிரி!"

கோபம் முற்றினால் சம்பங்கிக்குக் கன்னடம்தான் வரும். தளிக்காரி. போதும், பேசாமல் இருங்கள் என்று அவள் கன்னடத்தில் சொன்னால் அதற்கு மேல் அந்த வீட்டில் யாரும் பேசியதில்லை. ஆஞ்சப்பனும் அடங்கினான். அடங்கிய பின் மெதுவாகக் கேட்டான்.

"தங்கச்சி என்ன சொல்லிச்சு?"

"அழுதா."

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். எழுந்து வந்து, ஊற வைத்த அவரைக்கொட்டைச் சட்டிக்கு முன்னால் உட்கார்ந்தான். பிதுக்கம்பருப்புக் குழம்பு என்றால் ஒவ்வொரு கொட்டையையும் விரலால் பிதுக்கித் தோலை எடுக்க வேண்டும். ஐம்பது பேருக்கு என்றால் நாலு பொம்பளைகள் உட்கார்ந்தாலும் கை கடுக்கும். ஆஞ்சப்பன் இரண்டு கையாலும் பிதுக்கினான். பருப்பு ஒரு சட்டியிலும் தோல் ஒரு சட்டியிலும் தெறித்து விழுந்தன.

"இதுவும் பிரஸ் வேலதான்," என்றான்.

"ஓ.டி.னு நெனச்சுக்குங்க," என்றாள் சம்பங்கி.

வியாழக்கிழமை காலை, பனிமூட்டம் ரோட்டையே விழுங்கியிருந்தது. முதல் பஸ்ஸில் குழம்பு அண்டாவையும் சோற்று அண்டாவையும் ஏற்றியபோது கண்டக்டர் முறைத்தார். மூடியைத் திறந்து காட்டியதும் முறைப்பு போய், "எங்க கல்யாணம்?" என்று விசாரித்தார். கம்பெனி கேட் என்றதற்கு நம்பவில்லை. ஆனால் அண்டாவைப் பிடித்துக்கொண்டார்.

பத்து வருஷமாகப் புருஷன் வேலை செய்யும் இடத்தைச் சம்பங்கி அன்றுதான் நேரில் பார்த்தாள். உயரமான சுவர், பெரிய நீல கேட், உள்ளே ஒரு சத்தமும் இல்லை. கேட்டுக்கு முன்னால் முப்பது நாற்பது ஆம்பளைகள் வரிசையில் நின்றார்கள். எல்லோரும் துவைத்துப் போட்ட யூனிஃபாரத்தில் இருந்தார்கள். ஒருவர் சட்டையிலும் ஒரு பொட்டு கிரீஸ் இல்லை. கிரீஸ் கறை போகவில்லை என்று எத்தனை நாள் புருஷனைத் திட்டியிருக்கிறாள். இத்தனை சுத்தமான சட்டைகளை அவள் ஒன்றாகப் பார்த்ததில்லை. இந்த முப்பது நாற்பது வீட்டிலும் இப்போது களியை அளந்துதான் கிண்டுகிறார்கள் என்று தோன்றியது.

கையெழுத்துப் போட்டுவிட்டு எல்லோரும் மரத்தடிக்கு வந்தார்கள். அண்டாவைப் பார்த்தார்கள். ஆஞ்சப்பன் தலையைச் சொறிந்துகொண்டு சமாச்சாரத்தைச் சொன்னான். அவ்வளவுதான். ஆடுபுலிக் கட்டத்தை ஒருவன் காலால் அழித்தான், இன்னொருவன் சருகு கூட்டினான், மூன்று பேர் வாழையிலை வாங்கச் சைக்கிளில் பறந்தார்கள். வாரக்கணக்கில் செய்ய வேலையில்லாமல் இருந்த கைகள். வெங்கடப்பன் மட்டும் இடுப்பில் கைவைத்து நின்று மேஸ்திரி வேலை பார்த்தார். அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகவேண்டிய ஆள்.

எட்டரை ஆயிற்று. டெம்போ வரவில்லை. மதுரைவீரனுக்குப் போன் போட்டால், சூளகிரி பக்கம் முன்னால் போகிற வண்டியே தெரியவில்லை, ஊர்ந்துகொண்டு வருகிறேன் என்றான். ஆஞ்சப்பன் கேட்டைப் பார்த்தான், ரோட்டைப் பார்த்தான், மறுபடி கேட்டைப் பார்த்தான். சம்பங்கி அண்டா மூடியைத் திறந்து பார்த்து மறுபடி மூடினாள். தன் யோசனையை நம்பி ஒரு குடும்பமே மூட்டத்தில் வந்துகொண்டிருக்கிறது. ஒன்பது தாண்டிவிட்டால் வெங்கடம்மா இந்த ஜென்மத்தில் மன்னிக்கமாட்டாள்.

ஹாரன் சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு மஞ்சள் வெளிச்சம். டெம்போ நிற்பதற்குள் வெங்கடம்மா குதித்துவிட்டாள். அண்ணனுக்கு முன்னால் வந்து நின்று, அவன் சட்டையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஓ.டி. நல்லா நடக்குதாண்ணா?"

"விடு புள்ள."

"இன்னொரு வாட்டி எங்கிட்ட பொய் சொன்னா, ஒன் காதுலயும் குத்தச் சொல்லிடுவன்."

சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தூக்கி அவன் கையில் கொடுத்தாள். குரல் உடைந்ததை மறைக்க ஆசாரியை அதட்டினாள்.

டெம்போவின் தார்ப்பாயை விரித்து, மணப்பலகை போட்டு, ஆஞ்சப்பன் கிழக்குப் பார்த்து உட்கார்ந்தான். வெங்கடம்மா அண்ணனுக்கு நெற்றி நிறையச் சந்தனம் வைத்தாள். யூனிஃபாரத்துக்கு மேலேயே மாலை போட்டார்கள், அடையாள அட்டை மாலைக்குள் சிக்கிக்கொண்டது. அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். ஆசாரி வலது காதை நீவிவிட்டு, கண் மூடித் திறப்பதற்குள் குத்தினார். தமிழரசன் வீறிட்ட வீறலில் புங்கமரத்துக் காக்காயெல்லாம் பறந்தன.

அந்த நேரம் பார்த்துக் கேட் திறந்தது. டைம் ஆபீஸ் தங்கதுரை வெளியே வந்து ரோட்டைத் தாண்டினார். தெற்கத்திக்காரர். கையில் ஒரு சீட்டு.

"என்னவே இது, ஒருத்தனையும் காணோம்னு பாத்தா இங்க கூட்டம்? அவசர ஆர்டர் வந்திருக்கு. ஆறு பேரு உடனே உள்ள வரணும். கணேசமூர்த்தி, சின்னராசு, பைரப்பன், முனிராஜு, திம்மராயன், ஆஞ்சப்பன்!"

கூட்டம் அப்படியே நின்றது. பிள்ளை மட்டும் அழுதது. மூன்று வாரமாகக் காத்திருந்த அழைப்பு இதுதான். குத்தியது ஒரு காது. இன்னொன்று பாக்கி. வெங்கடம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள்.

ஆஞ்சப்பன் எழவில்லை. பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சொன்னான்.

"சார், ஒரு காது பாக்கி சார்."

"மேல ஆபீசர் நிக்காருவே. டயம் பாத்துட்டு இருக்காரு."

மற்ற ஐந்து பேரும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் பைரப்பன் என்கிறவன் மாட்டிய செருப்பைக் கழற்றினான்.

"நாங்க ஆறு பேரும் ஒண்ணாதான் சார் வருவோம். ஒரு காதுக்கு எத்தன நேரம் ஆவப்போவுது?"

தங்கதுரை பிள்ளையைப் பார்த்தார். பிள்ளை உடம்பை வில்லாக வளைத்துத் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டிற்று. ஆசாரியால் காதைப் பிடிக்கவே முடியவில்லை. அவர் சீட்டைச் சட்டைப் பையில் திணித்தார், செருப்பைக் கழற்றினார், தார்ப்பாயில் மண்டி போட்டு உட்கார்ந்தார்.

"இப்படி ஆட்டினா நாள் பூராவும் குத்த முடியாது. தலைய நான் பிடிக்கேன். நீரு குத்தும்வே!"

குத்தியாயிற்று. யாரோ விசிலடித்தார்கள். வெங்கடம்மா தங்கதுரைக்கும் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள், அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள். ஆஞ்சப்பன் பிள்ளையைத் தங்கச்சியிடம் கொடுத்து, மாலையைச் சம்பங்கியிடம் கொடுத்ததும், ஆறு பேரும் ரோட்டைத் தாண்டி ஓடினார்கள். கேட்டுக்குள் நுழையும் முன் அவன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். நீல கேட் சாத்திக்கொண்டது.

"அண்ணன் சாப்புடவே இல்லியே!" என்றாள் வெங்கடம்மா. மாமனுக்குப் போட்ட முதல் இலை காலியாக இருந்தது.

சம்பங்கி சிரித்தபடி திரும்பினாள். திரும்பியவளுக்குச் சிரிப்பு நின்றது. கூப்பிடப்படாதவர்கள் அங்கேயே நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. விசிலடித்தவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன், ஊட்ல வேலை இருக்குது என்று முணுமுணுத்துச் சைக்கிளை எடுக்கப்போனான். சந்தோஷப்பட்டதற்காகச் சம்பங்கிக்கு வெட்கமாகிவிட்டது.

"எங்க போறீங்கண்ணா?" என்றாள் உரக்க. "மாமன் எல காலியா கெடந்தா மருமகனுக்கு ஆவாது. உள்ள போனவரு ஒரு மாமன். வெளியில நிக்கறவங்க அத்தன பேரும் மாமன்தான். எங்கண்ணன்மாரு சாப்புடாம போனா இந்த அண்டாவ நான் எங்க கொண்டுபோய்க் கொட்டறது? ஒக்காருங்க!"

ஒருவரும் அசையவில்லை. கடைசியில் வெங்கடப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வந்தார். முதல் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார்.

"மொதல்ல மருமகனக் குடும்மா."

வெங்கடம்மா கொடுத்தாள். பிள்ளை அவர் மடியில் உட்கார்ந்து விக்கிற்று, அவர் அடையாள அட்டையைப் பிடித்து இழுத்தது, அதை வாயில் வைத்துக்கொண்டு அழுகையை நிறுத்தியது. ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். சைக்கிளை எடுக்கப்போனவனும் வந்தான். சோற்றின்மேல் பிதுக்கம்பருப்புக் குழம்பை சம்பங்கி ஊற்ற ஆரம்பித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ உறுமியது. பிறகு பூமி அதிர்கிற மாதிரி ஒரு அடி விழுந்தது. பிறகு இன்னொன்று. சோற்றில் வைத்த கைகள் அப்படியே நின்றன.

வெங்கடப்பன் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மூணாம் நம்பர் பிரஸ்," என்றார். "என்னுது. நான் ஓட்டறது. அடி விழறதக் கேட்டாலே தெரியுது, இப்ப ஆஞ்சப்பன் ஓட்டறான்."

சம்பங்கி கரண்டியோடு நின்றாள். அவர் இன்னும் இரண்டு அடி கேட்டார். முகம் மெல்ல மலர்ந்தது.

"சத்தம் சுத்தமா இருக்குது. துருப் புடிக்கல," என்றார். "ஓட்டட்டும், நல்லா ஓட்டட்டும். நாளைக்கி நான் ஓட்டிக்கறன். நீ கொழம்ப ஊத்தும்மா, இன்னும் கொஞ்சம் ஊத்து."